கோட் ஓப்பன்தான், முறை யாரோடது?

வணக்கம் நேயர்களே. மியூசிக் சாஃப்ட்வேர் எழுதி விக்கிறவங்க, விக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் இன்னைக்கு பேச வந்திருக்கேன். பாட்டு போடுறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா உங்களுக்கு உள்ளத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம். ஜிபிஎல்னு ஒரு லைசென்ஸ் இருக்கு, கோட யார் வேணா எடுத்து மாத்தலாம், ஆனா அத வெளிய குடுத்தா கோடயும் அதே லைசென்ஸ்ல திறந்து குடுக்கணும். அந்த ஜிபிஎல் லைசென்ஸ்ல இருக்கிற சாஃப்ட்வேர்ல நீங்க பாட்டு பண்ணா அந்தப் பாட்டு உங்களோடதுதான், அந்த லைசென்ஸ் புரோகிராமோட கோட் பத்திதான் பேசுது, நீங்க அதுல பண்ற இசைய அது தொடாது. கூட வர்ற சாம்பிள் சத்தங்களுக்கு மட்டும் தனி லைசென்ஸ் இருக்கும், அத படிச்சுக்கங்க.

சரி, டெவலப்பர் பக்கம் வருவோம். "சோர்ஸ் கோட் ஓப்பன், லைசென்ஸ் ஃபைலும் இருக்கு, எடுத்துப் போட்டு வித்துடலாம்"னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. பாதி சரி. அந்த ஃபைல் முக்கியமா திறந்து விடறது காப்பிரைட்ட, அதாவது எழுதின கோட. பேட்டண்ட்ங்கறது வேற பூட்டு, அது செய்யற முறைக்கு. ஒருத்தர் கோட பாக்காமலே நீங்க சொந்தமா எழுதினா காப்பிரைட் உங்கள ஒண்ணும் பண்ணாது, ஆனா பேட்டண்ட் அப்படி இல்ல, யாரோடதயும் பாக்காம நீங்களே மூளைய கசக்கி கண்டுபிடிச்சதா இருந்தாலும் அதே முறைக்கு வேற ஒருத்தர் முன்னாடியே பேட்டண்ட் வாங்கியிருந்து, அது உயிரோட இருக்கிற நாட்டுல நீங்க வித்தீங்கன்னா மாட்டிக்குவீங்க.

இதுக்கு எம்பி3ய விட நல்ல உதாரணம் கிடையாது. லேம்னு ஒரு என்கோடர் இருக்கு, அதாவது சத்தத்த எம்பி3 ஃபைலா மாத்தற புரோகிராம், கோட் எல்ஜிபிஎல், ஜிபிஎல்லோட கொஞ்சம் தளர்வான வகை, யார் வேணா எடுக்கலாம். ஆனா எம்பி3 சத்தத்த சுருக்கற முறை மேல ஜெர்மனியோட ஃப்ராவ்ன்ஹோஃபரும், தாம்சன் கம்பெனியும் பேட்டண்ட் வச்சிருந்தாங்க. அதனால லேம் ப்ராஜெக்ட் பல வருஷமா சோர்ஸ் கோட மட்டும்தான் வெளியிட்டுச்சு, ரெடியா ஓடற புரோகிராம குடுக்கல. ஆடாசிட்டிங்கற இலவச ஆடியோ எடிட்டர்ல எம்பி3யா சேவ் பண்ணப் போனா "லேம் ஃபைல தனியா போய் டவுன்லோட் பண்ணிட்டு வா"ன்னு கேட்டது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், எல்லாரும் திட்டினோம், ஆனா அது சோம்பேறித்தனம் இல்ல, அது பேட்டண்ட் பண்ண வேலை. 2017 ஏப்ரல்ல அந்தப் பேட்டண்டுக்கு காசு வாங்கி அனுமதி குடுத்த லைசென்ஸ் திட்டத்தயே மூடிட்டாங்க, அந்த வருஷமே ஃபெடோரா மாதிரி லினக்ஸ்ல எம்பி3யா சேவ் பண்ற வசதியும் உள்ள வந்துடுச்சு. லேம் கோட்ல எதுவும் மாறல பாருங்க, லைசென்ஸும் அதேதான், மாறினது பேட்டண்டோட ஆயுசு மட்டும்தான். நடுவுல இந்தத் தொல்லையே வேண்டாம்னு ஒரு கூட்டம் உக்காந்து உருவாக்கின ஆடியோ ஃபார்மட்தான் ஆக் வோர்பிஸ், 2002ல 1.0 வந்துச்சு. எம்பி3ய அது தள்ளிடலதான், ஆனா அதே கூட்டத்து ஆளுங்க கை வச்ச ஓபஸ்ங்கற ஃபார்மட் 2012ல ஸ்டாண்டர்ட் ஆச்சு, இன்னைக்கு பிரவுசர் வழியா போற பேச்சுல பெரும்பாலும் அதான் ஓடுது.

இன்னொரு கதை, எனக்கு ரொம்பப் பிடிச்சது, எஃப்எம் சிந்தசிஸ், அதாவது ஒரு அலைய வச்சு இன்னொரு அலையோட அதிர்வ மாத்தி புதுச் சத்தம் உண்டாக்கற முறை. 1967ல ஸ்டான்ஃபோர்ட்ல ஜான் சவுனிங் கண்டுபிடிச்சார். யுனிவர்சிட்டி இத அமெரிக்க ஆர்கன் கம்பெனிங்ககிட்ட கொண்டுபோனப்ப அவங்களுக்கு இதோட அருமை புரியல, யமஹா லைசென்ஸ் வாங்கிக்கிச்சு, 1977ல பேட்டண்ட் கிடைச்சுது, 1983ல யமஹாவோட டிஎக்ஸ்7 கீபோர்ட் வந்துச்சு, ஸ்டான்ஃபோர்டுக்கு மொத்தமா 2 கோடி டாலருக்கு மேல வருமானம். 90கள்ல அந்தப் பேட்டண்ட் செத்துப்போச்சு. இன்னைக்கு டெக்ஸ்ட் (Dexed)னு ஒரு பிளகின், அதாவது மியூசிக் சாஃப்ட்வேருக்குள்ள செருகிக்கிற புரோகிராம், டிஎக்ஸ்7 சத்தத்த அப்படியே குடுக்குது, காசு இல்ல, லைசென்ஸ் ஜிபிஎல்லோட மூணாவது வெர்ஷன், ஜிபிஎல் 3. அதுக்குள்ள இருக்கிற என்ஜின் அப்பாச்சி 2.0ங்கற இன்னொரு ஓப்பன் லைசென்ஸ்ல வந்தது. இங்கதான் ஒரு நுணுக்கம், அப்பாச்சி 2.0 கோட ஜிபிஎல் 3ல சேக்கலாம், ஜிபிஎல் 2 மட்டும்னு இருக்கிற ப்ராஜெக்ட்ல சேக்கக் கூடாதுங்கறதுதான் ஜிபிஎல்ல வெளியிடற ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனோட நிலை, காரணம் அப்பாச்சில இருக்கிற பேட்டண்ட் விதிங்க.

அந்த விதிங்க என்ன சொல்லுதுன்னா, கோட் குடுக்கிறவர் அந்தக் கோட பயன்படுத்தறதுக்கு வேண்டிய தன்னோட பேட்டண்டயும் சேத்துக் குடுத்துடறார், அதே கோட் பேட்டண்ட மீறுதுன்னு நீங்க கேஸ் போட்டீங்கன்னா உங்களுக்குக் கிடைச்ச பேட்டண்ட் உரிமை போயிடும். 2007ல வந்த ஜிபிஎல் 3லயும் இந்த மாதிரி இருக்கு. எம்ஐடி, பிஎஸ்டின்னு கோட மூடி விக்கவும் விடற சின்ன லைசென்ஸ்கள் இருக்கு, அது ரெண்டும் பேட்டண்ட்னு ஒரு வார்த்த பேசல. ஆனா நல்லா கவனிங்க, எந்த லைசென்ஸா இருந்தாலும் கோட் குடுத்தவரோட பேட்டண்ட மட்டும்தான் குடுக்க முடியும், சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள் வச்சிருக்கிற பேட்டண்ட அவரால எப்படி குடுக்க முடியும்? எம்பி3ல நடந்ததே அதானே.

அதுக்காக பயந்து ஓடவும் வேண்டாம். பேட்டண்ட்ல தலைப்ப பாத்து பயப்படாம கிளெய்ம்னு, எதுக்கு உரிமைன்னு சொல்ற பகுதிய படிங்க. பாடுற குரலோட சுருதிய சரி பண்ற ஆட்டோடியூன் 1997ல வந்துச்சு, அதோட பேட்டண்ட் 1999ல கிடைச்சுது, ஆனா சுருதிய சரி பண்ற எல்லா வழியும் அந்தப் பேட்டண்ட்காரங்க கைக்கு போயிடல, ஒரு குறிப்பிட்ட முறையிலதான் உரிமை. இப்ப அதுவும் முடிஞ்சுபோச்சு. விக்கிற அளவுக்கு போறீங்கன்னா ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க, அந்தச் செலவு வீண் போகாது.

என் அனுபவத்துல ஆளுங்க பயப்படறது ஜிபிஎல்லுக்கு, பேட்டண்ட மறந்துடறாங்க. ஜிபிஎல் விக்கக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல. ஆர்டர் (Ardour)ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஜிபிஎல்தான், ரெடியா ஓடற புரோகிராமுக்கு காசு வாங்கறாங்க, அதே ஆர்டர் மேலதான் ஹாரிசன் கம்பெனி மிக்ஸ்பஸ்ங்கற சாஃப்ட்வேர கட்டி விக்குது. கோட மூடி வச்சு விக்கணும்னா மட்டும்தான் பிரச்சினை. ஸ்டெயின்பெர்க் கம்பெனி விஎஸ்டி 3ங்கற பிளகின் ஃபார்மட்ட 2017ல இருந்து ஜிபிஎல் 3, இல்லன்னா எங்க அக்ரிமெண்ட்னு ரெண்டு வழியா குடுத்துக்கிட்டிருந்தாங்க, 2022ல பிட்விக், யூ-ஹீன்னு ரெண்டு மியூசிக் சாஃப்ட்வேர் கம்பெனிங்க கிளாப்ங்கற பிளகின் ஃபார்மட்ட எம்ஐடில விட்டாங்க, 2025ல ஸ்டெயின்பெர்க்கும் விஎஸ்டி 3ய எம்ஐடிக்கு மாத்திட்டாங்க. போட்டி வந்தாத்தான் மனசு இளகுது போல.

பிளகின் எழுத உதவற ஜூஸ் (JUCE), சத்தத்தோட வேகத்தயும் சுருதியயும் மாத்தற ரப்பர் பேண்ட் லைப்ரரி இதெல்லாம் இன்னமும் ரெண்டு வழிதான், கோட திறந்து வைக்கிறியா சும்மா எடுத்துக்கோ, மூடறியா எங்க தனி லைசென்ஸ வாங்கு. நேர்மையான வியாபாரம்னு நான் சொல்வேன். நீங்களும் அப்படி பண்ணலாம், ஆனா அதுக்கு முழு கோடோட காப்பிரைட்டும் உங்ககிட்ட இருக்கணும். வெளிய இருந்து ஒருத்தர் பத்து வரி பேட்ச், அதாவது கோட் திருத்தம், அனுப்பி நீங்க ஜிபிஎல்ல சேத்துக்கிட்டீங்கன்னா அந்தப் பத்து வரி அவரோடது, அவர் சம்மதிக்காம மூடின வெர்ஷன்ல போட முடியாது. அதனாலதான் கோட் அனுப்பறவங்க அத வேற லைசென்ஸ்லயும் விட சம்மதிக்கிற மாதிரி பங்களிப்பாளர் ஒப்பந்தம்னு ஒண்ணு வாங்கறாங்க, 2021ல ஆடாசிட்டில அத கொண்டு வந்தப்ப பெரிய சண்டையே நடந்துச்சு. வாங்கறதா இருந்தா முதல் பேட்ச் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, நூறு பேர் கோட் குடுத்த பிறகு ஒவ்வொருத்தரயா தேடிப் போய் கையெழுத்து கேக்கிறது ரொம்ப கஷ்டம், அதுல ஒருத்தர் மாட்டேன்னு சொன்னா அவர் எழுதின பகுதிய தூக்கிட்டு திரும்ப எழுத வேண்டியதுதான்.