சொசைட்டி சீட்டில் இல்லாத ரகசியம்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்குக் கொண்டுவரும்போது கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. 26 வருஷம் பால் சொசைட்டியில் டெஸ்ட் பார்த்தவன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பாலை நான் டெஸ்ட் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதியில் பாதிப் பேரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் மெஷின் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி, இறுக்கி மூடி, கையால் சுற்றுகிற யந்திரத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும். மேலே மஞ்சளாகத் திரண்டு நிற்பது கொழுப்பு. அமிலம் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. இப்போது சாம்பிளை மெஷினில் வைத்தால், நீங்கள் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் கொழுப்பும், எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவும் வந்துவிடுகின்றன. சீட்டும் அடித்து வருகிறது.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. காலை ஆறு மணிக்கு வரிசையில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒரு பெரியம்மாவுக்குச் சீட்டு வருகிறது. "ஏனுங்க, நேத்து எஸ்.என்.எஃப். 8.3 இருந்துச்சு, இன்னைக்கு எப்படி 7.9?" என்று கேட்கிறார். பின்னால் நிற்பவர், "குழாய்ப் பக்கத்துல மாட்டைக் கட்டாதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே" என்கிறார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாவின் பால் எப்படி இருந்தது என்பது ஏழு மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எண் குறைந்தால் காசும் குறையும். இந்த 26 வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம், "என் பாலோட டெஸ்ட் என் வியாபார ரகசியம், வெளியே சொல்லாதே" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்போம்.

அதே பால் கேனிலிருந்து கூலருக்கும், கூலரிலிருந்து டேங்கருக்கும், டேங்கரிலிருந்து பாக்கெட்டுக்கும் போகிறது. எந்த இடத்தில் அது ரகசியம் ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

சென்ற வருஷம் ஓணம் முடிந்ததும் ஓர் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். எந்த ஆபீஸ் என்பது இப்போது வேண்டாம். ஓண மாதத்தில் எல்லை தாண்டி வந்த பால் வண்டிகளைச் சோதித்த பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேட்டேன். ஓணத்துக்குப் பாயசம் வைக்க இந்த மாநிலத்தின் பால் போதாது. தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, ஒன்றரை வரியில்: மூன்றாம் தரப்பினரின் வணிக ரகசியம் என்பதால் தர இயலாது. நான் தமிழில் கேட்டிருந்தேன், பதில் மலையாளத்தில். இந்த மாநிலத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தரவேண்டும் என்கிறது. போகட்டும், மலையாளம் நமக்கும் தெரியும். ஆனால் ரகசியம் என்கிற சொல் எந்த மொழியிலும் எனக்குப் புரியவில்லை.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், 8(1)(d) பிரிவு. வணிக ரகசியமாக இருந்து, வெளியே சொன்னால் அந்தத் தரப்பின் போட்டி நிலைமை கெடும் என்றால் மறுக்கலாம். அப்படியே இருந்தாலும், பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். பாதி ரகசியம், பாதி இல்லை என்றால் ரகசியத்தை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கவும் 10-ஆம் பிரிவு இருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபணை சொல்ல 10 நாள் தரவேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. எனக்கு ஒன்பதாம் நாளே பதில் வந்துவிட்டது. அதற்குள் எந்தக் கம்பெனியும் இதை ரகசியம் என்று சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்காக ஆபீஸே சொல்லிக்கொண்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சும்மா இருக்க, மாப்பிள்ளைத் தோழன் கோபித்துக்கொண்ட கதை.

கம்பெனிக்கு ரகசியமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரில் யாரிடம் என்ன விலைக்குப் பால் எடுக்கிறார்கள், எந்தக் கடைக்கு எவ்வளவு கமிஷன், தயிருக்கு எந்த உறை, பாதாம் பாலில் என்ன கலவை, இதெல்லாம் அவர்கள் சொத்து. பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் நஷ்டம்தான். ஆனால் டோன்டு பால் பாக்கெட்டில் கொழுப்பு 3.0, எஸ்.என்.எஃப். 8.5 இருக்க வேண்டும் என்பது அரசு நிர்ணயித்த அளவு. அது இருந்ததா இல்லையா என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், அரசாங்க மெஷினில், நம் வரிப்பணத்தில் பார்த்தார். அவர் எழுதி வைத்த எண் எப்படிக் கம்பெனியின் சொத்தாகும்? ரிசர்வ் வங்கி பற்றிய வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வாதத்தை நிராகரித்தது. வங்கிகளைச் சோதித்த அறிக்கைகளை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறோம், தரமுடியாது என்றது ரிசர்வ் வங்கி. வங்கிகளின் லாபத்தைக் காப்பது உன் வேலை இல்லை, பொதுமக்கள் நலனைப் பார்ப்பதுதான் வேலை என்கிற பொருளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணப்பெட்டிக்குப் பொருந்துவது பால் பாக்கெட்டுக்குப் பொருந்தாதா?

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கூடவே டெஸ்ட் பார்த்த சிநேகிதர் முன்வரிசையிலிருந்து எழுந்துவிடுவார்.

2023 ஜனவரி, ஆரியங்காவு சோதனைச்சாவடி. தென்காசிப் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வழி. தமிழ்நாட்டிலிருந்து வந்த டேங்கரில் 15,300 லிட்டர் பால். நாம் இங்கே க்ஷீர வகுப்பு என்று சொல்கிறோமே, அந்தப் பால்வளத் துறையின் சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாக வந்தது. பால் கெடாமல் இருக்கச் சிலர் சேர்ப்பது, சட்டப்படி கூடாது. டேங்கரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் அந்தத் துறைக்கு வழக்குப் போடும் அதிகாரம் இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறைதான் வரவேண்டும். அவர்கள் வந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது பெராக்சைடு இல்லை என்று வந்தது. தாமதமாக வந்ததால் அது சிதைந்துபோயிருக்கும் என்றது ஒரு துறை. எங்கள் சோதனையில் இல்லை, அவ்வளவுதான் என்றது இன்னொன்று. இரண்டு துறையும் டிவியில் சண்டை போட்டன.

டெஸ்ட் பார்த்தவனாக ஒன்று சொல்கிறேன். பெராக்சைடு பாலில் நிற்காது. நேரம் போகப் போகத் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். அதனால் இரண்டு சோதனையும் சரியாகவே இருந்திருக்கலாம். முதல் சோதனை தவறாகவும் இருந்திருக்கலாம். இதைத் தீர்க்க ஒரே வழி, எத்தனை மணிக்கு முதல் மாதிரி, எத்தனை மணிக்கு இரண்டாவது மாதிரி, எந்த முறை, எவ்வளவு குளிரில் வைத்திருந்தது என்கிற பதிவேட்டுப் பக்கம். அந்த ஒரு பக்கத்தை அன்றைக்கே சுவரில் ஒட்டியிருந்தால் நீங்களும் நானும் பார்த்து முடிவு செய்திருப்போம். செய்தி மட்டும் வந்தது, பக்கம் வரவில்லை. கம்பெனி குற்றவாளி என்று நினைத்தவன் அப்படியே நினைத்துக்கொண்டான், கம்பெனி பாவம் என்று நினைத்தவனும் அப்படியே. தமிழ்நாட்டுப் பால் என்றாலே விஷம் என்று அப்போது பேசியவர்களில், நம்மைப் போல வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு கேரளத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அந்தப் பக்கமும் இதே கதை நடந்தது. 2017-இல் தமிழ்நாட்டுப் பால்வளத் துறை அமைச்சராக இருந்த ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று பேசினார். கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. அமைச்சர் சொன்னது சரியா தவறா என்பதை விடுங்கள். ஓர் அமைச்சரே, தன் அரசாங்கம் எடுத்த மாதிரிகளின் எண்களை மேசை மேல் போட்டுவிட்டுப் பேசியிருந்தால் தடைக்கு என்ன வேலை? பதிவேடு பூட்டியிருந்தால் நல்ல கம்பெனிக்கும் கெட்ட பெயர்தான்.

அதனால் என் கேள்வி ரகசியமா இல்லையா என்பதோடு முடியவில்லை. எதை, எப்போது, எந்தக் குறிப்போடு வெளியிடுவது என்பதுதான் கஷ்டமான பகுதி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கிறார்கள். ஆய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த உரிமை நியாயமானது. முதல் சோதனையில் வந்தது, மேல்முறையீட்டில் இருக்கிறது, உறுதியானது என்று எந்தக் கட்டமோ அதைப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். அப்புறம், தரம் குறைந்தது வேறு, பாதுகாப்பற்றது வேறு. கொழுப்பு 3.0-க்குப் பதில் 2.8 இருந்தால் அது உங்கள் காசுக்கு மோசம், உடம்புக்கு இல்லை. அதைப் பெயரோடு வெளியிட மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்கலாம் என்பது என் கருத்து. பாதுகாப்பற்றது என்றால் காத்திருக்கக் கூடாது. உடல்நலத்துக்கு ஆபத்து என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

இப்போது நம் தொழுவத்துக்கு வருகிறேன். 2018-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகள் எடுத்தது. வாட்ஸாப்பில் சுற்றுகிற யூரியா பால், சோப்புப் பால் எத்தனை இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உடம்பைக் கெடுக்கும் கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில். ஆனால் யாரும் பேசாத ஒன்று அதிகமாக இருந்தது: அஃப்ளாடாக்ஸின் எம்1 என்கிற பூஞ்சை நஞ்சு. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88, கேரளத்தில் 187-இல் 37 அளவு மீறியிருந்தன. இங்கே கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. இந்த ஒரு விஷயத்தில் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒற்றுமை.

இதை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. ஈரத்தில் கிடந்த கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் பூஞ்சை பிடிக்கிறது. மாடு தின்கிறது. பூஞ்சையின் நஞ்சு மாட்டின் உடம்பில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. அனுமதித்த அளவு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம், அதாவது 200 கோடியில் ஒரு பங்கு. நம் சொசைட்டி மெஷினுக்கு அது கண்ணுக்கே தெரியாது. பெரிய ஆய்வகத்தில்தான் தெரியும். ஆய்வகத்தில் தெரிந்த எண் மாநிலக் கணக்காக மட்டும் வெளியே வந்தால் எனக்கு என்ன பயன்? எந்தப் பகுதிப் பால், எந்த மாதம் என்று தெரிந்தால், அந்த மாதம் அங்கே எந்தத் தீவன லோடு வந்தது என்று தேடலாம். மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். பதிவு மூடியிருக்கிறவரை, பாலில் குறை என்றால் உலகம் உங்களைத்தான் பார்க்கும், தண்ணீர் ஊற்றினாய் என்று. தீவன மூட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிளாச்சிமடை. கோலா ஆலைக் கழிவை உரம் என்று வயலுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் நமக்குச் சொன்னது பிபிசி வானொலி. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் கொடுத்துச் சோதித்தது. அந்த ஆலைக்கு எதிராகப் போராடிய மயிலம்மா கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தே சொன்னதை நம்ப, கடல் தாண்டி ஓர் எண் வரவேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், அதிகம் பேருக்குத் தெரியாதது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவு. கடையில் வாங்கிய பாக்கெட்டை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவு ஆய்வாளரிடம் சோதிக்கலாம். தவறு இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. இப்படிச் சோதிக்கலாம் என்று இந்தக் கடைவீதியில் எந்தக் கடையிலாவது ஒரு போர்டு பார்த்திருக்கிறீர்களா? "இன்று ரொக்கம் நாளை கடன்" என்ற போர்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒன்றரை வரிப் பதிலுக்கு மேல்முறையீடு செய்தேன், 30 நாளுக்குள். மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருக்குத்தான் என்று சட்டத்தில் இருக்கிறது, அதையும் எழுதினேன். அது நடக்கிறபடி நடக்கட்டும். இந்த ஓணத்துக்குப் புது மனு தயாராக இருக்கிறது. கம்பெனி பெயர்கூட இந்த முறை கேட்கவில்லை. வண்டி வந்த நேரம், மாதிரி எடுத்த நேரம், செய்த சோதனைகள், வந்த எண்கள், இரண்டாவது ஆய்வகத்துக்குப் போனதா, வண்டி உள்ளே வந்ததா திரும்பிப் போனதா, இவ்வளவுதான். பெயரே இல்லாத எண்ணுக்கு எந்த ரகசியம் என்று எழுதுகிறார்கள், பார்க்கலாம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய இருபது நகல்கள் வாசலில் லைப்ரேரியன் மேசையில் இருக்கின்றன. தமிழில்தான் எழுதியிருக்கிறேன். பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.