பிரித்து அடுக்கியது கடைதான்

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

‘சிறு குழந்தைகளின் உடையிலும் காலணியிலும் ஆண், பெண் வேற்றுமையைப் பெரிதும் வளர்ப்பவர்கள் பெற்றோரா, வணிகர்களா?’ என்பது இன்றைய தலைப்பு. வணிகர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமே என்றும், மகளுக்கு ரோஸ் நிறக் கவுனும் மகனுக்கு நீலச் சட்டையும் கேட்டு வாங்குபவள் தாய்தான் என்றும் சொல்லிக் கைதட்டலும் பெற்றுச் சென்றார். அவள் கேட்கிறாள் என்பதை நான் மறுக்கவில்லை. எதையெல்லாம் கேட்கலாம் என்று அவள் கடைக்குள் வருவதற்கு முன்பே முடிவு செய்து அடுக்கி வைத்தவர் யார் என்பதுதான் வழக்கு.

கடைக்குள் நுழைந்தவுடன் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘பையனா, பொண்ணா?’ என்பது. வயதைப் பிறகு கேட்பார்கள். காலின் அளவு கடைசியில்தான் வரும். நான்கு வயதுக் குழந்தைகளுக்கான பள்ளிக் காலணிகளில் இரண்டு வகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பையனுக்கென்று வைத்திருப்பது பெரும்பாலும் பாதத்தின் மேற்புறம் முழுவதையும் மூடியிருக்கும். அடிப்பாகம் தடித்து, வழுக்காதபடி வரிகள் வெட்டப்பட்டிருக்கும். விரல் முனையில் தேயாமலிருக்கக் கூடுதலாக ஒரு பட்டை இருக்கும். பெண்ணுக்கென்று வைத்திருப்பதில் மேற்புறம் பாதி திறந்திருக்கும். குறுக்கே மெல்லியதொரு வாரும் பக்கிளும், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூவும் இருக்கும். அடிப்பாகத்தை இரண்டு விரலால் மடக்கிவிடலாம். இந்த இரண்டையும் அணிந்த குழந்தைகள் ஓடுவதோ ஒரே மைதானத்தில், ஒரே மழை ஈரத்தில். என் மகளுக்குத் தண்ணீர் புகும் காலணியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று எந்தத் தாயாவது கேட்டதுண்டா? எதிரணியும் அப்படிச் சொல்லாது என்று நம்புகிறேன்.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1825-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, பள்ளிக் காலணி என்றாலே அந்நாட்டுப் பெற்றோர் நினைவுக்கு வரும் பெயராக வளர்ந்த கிளார்க்ஸ் நிறுவனம், சிறுமியருக்கான ஒரு காலணிக்கு ‘டாலி பேப்’ என்று பெயர் வைத்து உள்ளடியில் இதயப் படம் அச்சிட்டது. சிறுவருக்கான ஒரு காலணிக்கு ‘லீடர்’ என்று பெயர் வைத்து உள்ளடியில் கால்பந்துப் படம் அச்சிட்டது. அதாவது ஐந்து வயதிலேயே ஒருத்தி பொம்மை, ஒருவன் தலைவன். 2017 ஆகஸ்டில் இது வெளியே தெரிந்து கண்டனம் எழுந்தது. அன்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜனும் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறுவனம் வருத்தம் தெரிவித்து ‘டாலி பேப்’ காலணியை விற்பனையிலிருந்து விலக்கியது. நடுவர் அவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பெற்றோர் விரும்பிக் கேட்டதைத்தான் நிறுவனம் செய்தது என்றால், அதைக் கண்டு முதலில் கொதித்தவர்கள் பெற்றோராக இருந்தது எப்படி? சிறுமியர் காலணி மெலிதாக இருக்கிறது, ஓடவும் ஏறவும் உதவவில்லை என்று முறையிட்டவர்கள் அவர்கள்தாமே! அடுத்த மாதமே அந்நாட்டின் ஜான் லூயிஸ் அங்காடி தன் சொந்தத் தயாரிப்புக் குழந்தை உடைகளில் ‘ஆண்’, ‘பெண்’ என்று தனித்தனியே ஒட்டிய சீட்டுகளை நீக்கியது.

அமெரிக்காவில் 2011-இல் ஜே.சி. பென்னி அங்காடி சிறுமியருக்காக விற்ற சட்டை ஒன்று இதைவிடத் துணிச்சலானது. ‘வீட்டுப்பாடம் எழுத முடியாத அளவுக்கு நான் அழகு, எனக்காக என் தம்பி எழுதித் தருவான்’ என்னும் பொருள்படும் வாசகம் அதில் இருந்தது. தம்பிக்கும் இது எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்! பெற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு அதுவும் விலக்கப்பட்டது.

நிறம் இயற்கையிலேயே வருவது, தாய்மாரின் ரசனையில் ஊறியது என்றும் எதிரணியில் ஒருவர் சொன்னார். 1918-இல் அமெரிக்கக் குழந்தை ஆடை வணிகர்களுக்கான இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறம், அது பையனுக்கு. நீலம் மென்மையானது, அது பெண்ணுக்கு என்று எழுதியது. இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அதற்கும் முன்னால், 1884-இல் எடுக்கப்பட்ட படத்தில், பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதில் வெள்ளைக் கவுனும் தோள்வரை புரளும் முடியுமாக உட்கார்ந்திருக்கிறார். அன்று அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? நம் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டினால், மொட்டை போடுவதற்கு முன் முடியைப் பின்னிப் பூ வைத்து, பாவாடை கட்டி, பொட்டிட்டு, ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்த பையன்களின் படங்கள் எத்தனை கிடைக்கும்! அந்தப் பையன்களில் பலர் இன்று மீசை நரைத்த மாமாக்கள். ஒருவேளை எதிரணியிலும் ஒருவர் இருக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிய பாட்டி, அது ஆணா பெண்ணா என்று பார்த்துத் துணியை மாற்றவில்லை. அக்காவுக்குச் சிறிதாகிப் போன பனியனும் சட்டையும் கேள்வியின்றித் தம்பிக்கு வந்தன. பேதமே பார்க்காத சமூகம் இது என்று நான் சொல்ல வரவில்லை; வேறு நூறு வகையில் பார்த்தது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் உடையில் இத்தனை கறாராகப் பார்க்கவில்லை.

அந்தக் கைமாறல்தான் வணிகருக்கு இடையூறு. சட்டை கிழிவதற்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது. பொதுவான சட்டையாக இருந்தால் அடுத்த குழந்தைக்கு ஆகும். நெஞ்சில் இளவரசியையும் ஓரத்தில் சரிகை மடிப்பையும் வைத்துவிட்டால், தம்பிக்குப் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும். ஒரு வீட்டில் ஓர் உருப்படி விற்ற இடத்தில் இரண்டு விற்கும். இதில் சதி எதுவும் இல்லை. சாதாரண வியாபாரக் கணக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பையன் ஒருவன் பூப்போட்ட செருப்பை ஆசையாகத் தூக்கிக் கொண்டு வந்தால், அதைப் பிடுங்கி மறுபடி வைப்பது பல வேளைகளில் அப்பாவின் கைதான்; உறவினர் கேலி செய்வார்கள் என்ற அச்சம் அந்தக் கைக்கு இருக்கிறது. ஆனால் பொதுவான ஒன்று நேராக முன்வைக்கப்பட்டபோது பெற்றோர் என்ன செய்தார்கள்? கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து வளையன்சிறங்கரை அரசு தொடக்கப் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் சிறுமியர் எல்லோருக்கும் முழங்கால்வரை நீளும் ஒரே கால்சட்டையும் சட்டையும் சீருடையாக வந்தன. பெற்றோர் ஆதரித்தார்கள், பாவாடை பறக்குமே என்ற கவலையின்றிப் பெண் குழந்தைகள் ஓடியாடினார்கள். அங்கே தடையாக நின்றிருக்க வேண்டியவர்கள், எதிரணியின் வாதப்படி, பெற்றோர்தாம், அவர்கள் நிற்கவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் எனக்கு ஒரே கேள்விதான். பாக்கெட் வைத்த கவுனும், முழுப் பாதத்தையும் மூடும் சிறுமியர் காலணியும் அதே விலையில் அதே தட்டில் வைக்கப்பட்டு, அவற்றை வேண்டாமென்று ஒதுக்கிய தாய்மார் எந்தக் கடையில் இருந்தார்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்லிவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடரட்டும். நன்றி, வணக்கம்.