பையைக் கொட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் குடும்ப மருத்துவர். நிலையத்தார் கொடுத்த தலைப்பு 'குழுவாகச் செய்யும் ஆரம்ப சுகாதாரப் பணி'. ரேடியோவை மூடிவிடாதீர்கள், நான் பேசப் போவது உங்கள் வீட்டு மாத்திரைப் பையைப் பற்றித்தான்.

ஒரு பாட்டியை மருமகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கால் உணர்ச்சியைச் சோதித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் செவிலியர்தான் மருமகளிடம், "வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்க" என்றார். எல்லாம் என்றால் எல்லாம்: பழையது, நிறுத்தச் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது.

மறுநாள் பை வந்தது. மேசையில் கொட்டினோம். மருந்தாளுநர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டை, இரண்டு நிறம், இரண்டு பெயர். உள்ளே இருந்ததோ ஒரே அம்லோடிபின், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஒன்று நான் எழுதியது, மற்றது இதய மருத்துவர் எழுதியது. அந்த மருந்தின் அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பாட்டிக்கு வீங்கியது. வீக்கத்துக்கு மூன்றாவது மருத்துவர் ஒருவர், சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். பாட்டி அதைச் சாயங்காலத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்காமல் என்ன செய்வார்? எழுந்தவுடன் அழுத்தம் சரிந்து தலை சுற்றியிருக்கிறது. நான் உட்கார வைத்து மட்டும்தான் அழுத்தம் பார்த்திருந்தேன். நிற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மருந்துகளில் எதுவும் தப்பான மருந்து இல்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தவர் மருமகள் ஒருவர்தான். அதுவரை அவரை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், அவரை யாரும் கேட்கவில்லை. ஐந்து பேர் வைத்தியம் பார்த்தால் ஐந்து பேருக்கும் நடுவே தூது போகிறவர் வீட்டில் ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டில் அது யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்பளம் இல்லாத வேலை, நன்றியும் கிடையாது.

இது புதுக் கவலை இல்லை. 1967-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 'மருத்துவ இல்லம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் பதிவுகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எங்கோ ஒரு கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள், காகிதத்துக்கு ஒரு வீடு! 1978-ல் ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனம், மருத்துவரும் செவிலியரும் மருத்துவச்சியும் சமூகப் பணியாளரும் ஒரே குழுவாக வேலை செய்ய வேண்டும் என்றது. ஆனால் குழு என்று பலகை மாட்டினால் குழு ஆகிவிடாது. கயிற்றின் நுனியை ஒருவர் பிடிக்க வேண்டும். எங்களிடம் அது செவிலியர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு அவர்தான் போன் செய்கிறார். நான் செய்தால் என்னிடம் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள், அவரிடம் உண்மையைச் சொல்வார்கள்.

காலையில் நாங்கள் எல்லோரும் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுவதைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். உட்கார்ந்தால் அது மீட்டிங் ஆகிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம்.

சரி, அவசரமாக இரண்டு விஷயம். மருத்துவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள், எங்கே புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது, இதைக் கேட்டுவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். பையோடு வாருங்கள், நாங்கள் கொட்டிப் பார்க்கிறோம். அந்தப் பாட்டி இப்போது நான் கேட்பதற்கு முன்பே மேசையில் கவிழ்த்துவிடுகிறார். வணக்கம்.