பந்து வருவதற்கு முன்பே திரும்பும் தலை

வணக்கம் நண்பர்களே. முதலில் இதைப் பாருங்கள். மொபைலைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், கொஞ்சம் கண்ணாடி மாதிரி மின்னும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டை, செம்பட்டை முடி, ஐந்தரை அடி உயரம். பந்து இன்னும் அவர் பக்கம் வரவே இல்லை. தலையைத் திருப்பி இடது பக்கம் ஒரு பார்வை. மறுபடி வலது பக்கம். இப்போதுதான் பந்து காலுக்கு வருகிறது. வந்த வேகத்தில் ஒரே தட்டு, நாற்பது கெஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில் போய் விழுகிறது. அவர் பந்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா?

பால் ஸ்கோல்ஸ். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரர். இன்று முழுக்க இவரைப் பற்றித்தான்.

போன வாரம் ஒரு நண்பனோடு டீக்கடையில் பழைய சண்டை. ஒரே காலத்து இங்கிலாந்து மிட்ஃபீல்டர்களில் யார் பெரியவர், லம்பார்டா, ஜெரார்டா, ஸ்கோல்ஸா? அவன் உடனே கணக்கை எடுத்துவிட்டான். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் லம்பார்டுக்கு 177 கோல், ஜெரார்டுக்கு 120, ஸ்கோல்ஸுக்கு 107. முடிந்தது கதை என்றான். எனக்கு டீயே இறங்கவில்லை. ஒரு மிட்ஃபீல்டரைக் கோல் கணக்கில் எடை போடுவது, சமையல்காரரைப் பரிமாறிய இலைகளை எண்ணி எடை போடுவது மாதிரி. ஸ்கோல்ஸின் வேலை பாதி நேரம் கேமராவில் விழவே விழாது. பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமரா இருக்கும். அவர் வேலையைத் தொடங்குவது பந்து வேறு எங்கோ இருக்கும்போது.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். 1974 நவம்பரில் சால்ஃபோர்டில் பிறந்தவர், வளர்ந்தது மிடில்டன் பக்கம் லாங்லியில். சிறுவயதில் அவர் கொடி பிடித்தது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இல்லை, ஓல்ட்ஹாம் அத்லெட்டிக்குக்கு. ஆஸ்துமா உண்டு. அதோடு வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு வலி, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள், அதுவும் இருந்தது. ஆளோ சின்ன ஆள். யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்கூசனுக்கே முதலில் சந்தேகம். 1992இல் யுனைடெட்டுக்கு இளைஞர் கோப்பை வென்று தந்த பெக்காம், கிக்ஸ், நெவில், பட் கூட்டத்தை '92 செட்' என்று சொல்வோமே, அதில் இவரையும் சேர்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் அந்த 1992 இளைஞர் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. அடுத்த வருட இறுதியில் ஆடினார், அதில் லீட்ஸிடம் தோற்றார்கள்.

முதல் அணிக்கு வந்தது 1994 செப்டம்பரில், லீக் கோப்பையில் போர்ட் வேல் அணிக்கு எதிராக. 2-1 வெற்றி, இரண்டு கோலும் அவர் அடித்தது. அப்போது அவர் மிட்ஃபீல்டரே இல்லை, முன்வரிசை ஆட்டக்காரர். 1997இல் நடுக்கள வீரர் ராய் கீன் காயம்பட்டு வெளியே போன பிறகுதான் நடுக்களத்தில் நிலைத்தார். ஆனால் அந்த முன்வரிசைப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. டிஃபென்டர்கள் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து தாமதமாக, யாரும் எண்ணாத ஆளாக, கோல் வாசலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் நுழைவார். 2002-03 சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல் இப்படி வந்ததுதான்.

(குக்கர் விசில். இரண்டு வந்துவிட்டது, இன்னும் ஒன்று. அம்மா பார்த்துக்கொள்வார்கள்.)

ஒரு கோலை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். 2000 மார்ச், பிராட்ஃபோர்டு சிட்டி மைதானம். கார்னர். பெக்காம் பந்தை வைக்கிறார். இரண்டு அணியும் பாக்ஸுக்குள் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறது. ஸ்கோல்ஸ் எங்கே? பாக்ஸுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி தனியாக. எல்லோரும் பந்து கோல் வாசலுக்கு வரும் என்று பார்க்க, பெக்காம் அதை நேராக அவரிடம் அனுப்புகிறார். பந்து தரையையே தொடவில்லை. விழுந்துகொண்டிருக்கும் பந்தை அப்படியே வலது காலால் வாங்கி அடிக்கிறார், வலை அதிர்கிறது. இதைச் செய்ய இரண்டு பேர் வேண்டும், அத்தனை தூரம் தள்ளிப் பந்தை அவர் காலில் இறக்கத் தெரிந்தவர் ஒருவர், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தவர் இன்னொருவர். எனக்கு ரொம்பப் பிடித்தது அடிப்பதற்கு முந்தைய மூன்று நொடி. கையைத் தூக்கிக் கேட்பதில்லை, ஓடுவதில்லை, சும்மா நிற்கிறார்.

1999 பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். யுனைடெட் மூன்று கோப்பை எடுத்த வருடம். மே 22, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நியூகாசிலுக்கு எதிராக இரண்டாவது கோல் இவருடையது. நாலே நாளில் பார்சிலோனா நகரத்தில் ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. அதில் இவர் கோட் போட்டு உட்கார்ந்திருந்தார். அரையிறுதியில் யுவென்டஸுக்கு எதிராக வாங்கிய மஞ்சள் அட்டையால் தடை. கீனுக்கும் அதே கதி. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு அணி ஜெயித்தது, பதக்கமும் கிடைத்தது, ஆனால் ஆடவில்லை.

அதற்குப் பதில் கிடைக்க ஒன்பது வருடம். 2008 ஏப்ரல் 29, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாவது ஆட்டம், எதிரே பார்சிலோனா அணி. நம் நேரத்துக்கு இரவு பன்னிரண்டே கால். வீட்டில் எல்லோரும் தூக்கம், டிவி சத்தத்தை அறவே நிறுத்திவிட்டுப் பார்த்தேன். 14ஆவது நிமிடம். பார்சிலோனா டிஃபென்டர் சாம்ப்ரோட்டா தட்டிவிட்ட பந்து பாக்ஸுக்கு வெளியே ஸ்கோல்ஸிடம் வந்தது. ஒரு தொடல், அடுத்தது அடி. கோல்கீப்பர் வால்டெஸ் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை, மேல் மூலையில் போய்ச் சொருகியது. நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து அந்த ஒரே கோல்தான். இறுதியில் ஆட அவருக்கு இடம் உறுதி என்று ஃபெர்கூசன் முன்பே சொல்லியிருந்தார். மாஸ்கோவில் மூக்கில் அடிபட்டு ரத்தம் வழிய ஆடினார், பெனால்டியில் செல்சியை வென்றார்கள்.

இப்போது கண்ணுக்கு வருவோம். நான் இந்த வீடியோ போட நினைத்ததே இதற்காகத்தான். 2005 கடைசியில் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. அந்த சீசனின் இரண்டாம் பாதி கிட்டத்தட்ட முழுவதும் போனது. யோசித்துப் பாருங்கள், பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதர். திரும்பி வந்தவர் 2006-07இல் இன்னொரு மிட்ஃபீல்டரான கேரிக்கோடு சேர்ந்து ஆழமாக, தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்றே ஆடினார். கோல் குறைந்தது, பாஸ் நீண்டது. அந்த வருடம் லீக் பட்டம், சக வீரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் அணியிலும் இடம். பழைய ஸ்கோல்ஸைவிட இந்த இரண்டாவது ஸ்கோல்ஸ்தான் எனக்கு ஒசத்தி. நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இங்கிலாந்து அணியில் நடந்தது வேறு. போலந்துக்கு எதிராக 1999 மார்ச்சில் வெம்ப்லியில் ஹாட்ரிக். அதே வெம்ப்லியில் மூன்றே மாதத்தில் ஸ்வீடனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை. பழைய வெம்ப்லியில் வெளியேற்றப்பட்ட ஒரே இங்கிலாந்து வீரர் இவர்தான். 2004 யூரோ கோப்பையில் லம்பார்டும் ஜெரார்டும் நடுவில் நிற்க, இவரை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஊர் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டிய ஆளைச் சந்து முனையில் நிறுத்திய மாதிரி. அந்த ஆகஸ்டில், 29 வயதில், 66 ஆட்டங்களோடு நாட்டு அணியிலிருந்து விலகினார். இடது ஓரம்தான் காரணம் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம், அவரோ அது காரணமில்லை என்றே சொல்லியிருக்கிறார். 2010 உலகக் கோப்பைக்கு முன் திரும்பக் கூப்பிட்டார்கள், வரவில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. டேக்கிள், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, போடத் தெரியாது. ரசிகனாகச் சொல்கிறேன், நிஜமாகவே தெரியாது. எப்போதும் அரை நொடி தாமதம், எப்போதும் எதிராளியின் கணுக்கால். கொஞ்சம் விஷமமும் உண்டு என்று நினைக்கிறேன். 2008 ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் ரஷ்யாவின் ஜெனித் அணிக்கு எதிராகப் பந்தைக் கையால் குத்தி வலைக்குள் தள்ளி, இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியே போனார்.

2011 மே மாதம் ஓய்வு. அப்புறம்தான் வேடிக்கை. 2012 ஜனவரி 8, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். உடைமாற்றும் அறையில் 22ஆம் எண் சட்டை தொங்குவதைப் பார்த்துத்தான் பல வீரர்களுக்கே விஷயம் தெரிந்தது. அவருடைய 18 அதற்குள் ஆஷ்லி யங்கிடம் போயிருந்தது. ஷூ கம்பெனி ஒப்பந்தமும் இல்லை, கடைக்குப் போய் 40 பவுண்டுக்கு ஒரு ஜோடி வாங்கினேன் என்று பின்னால் அவரே சொன்னார். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நிமிடத்திலேயே பந்தைத் தவறவிட்டார், அதிலிருந்து சிட்டியின் அகுவேரோ கோல். போச்சு, கிழவனை இழுத்து வந்து கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். 3-2 என்று தப்பித்தார்கள். ஒரு வாரத்தில் போல்டனுக்கு எதிராகக் கோல் போட்டார். அடுத்த சீசனில் பதினோராவது லீக் பட்டம்.

பயிற்சியாளராக? தன் ஓல்ட்ஹாமுக்கே 2019இல் போனார். 31 நாள், ஏழு ஆட்டம், முதல் ஆட்டத்தில் மட்டும் வெற்றி. அவ்வளவுதான்.

யுனைடெட்டுக்காக மொத்தம் 718 ஆட்டம், 155 கோல். கடைசி ஆட்டம் 2013 மே 19, வெஸ்ட் பிராம் மைதானத்தில். ஃபெர்கூசனுக்கும் அதுவே கடைசி. 5-5 என்று ஒரு பைத்தியக்கார ஸ்கோர். ஸ்கோல்ஸ் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு டேக்கிள் போட்டார். மஞ்சள் அட்டை.