நிர்வானாவின் பேஸ் கலைஞர் தேர்தல் முறையோடு மோதிய கதை

வணக்கம். 1992 எம்டிவி விருது விழா. மேடையில் அமெரிக்க ராக் இசைக்குழு நிர்வானா. பாட்டு முடிகிற நேரத்தில் பேஸ் வாசிப்பவர் தன் கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறார். பிடிக்கக் கையை நீட்டினால், அது நேராக நெற்றியில் வந்து இறங்குகிறது! மனிதர் தள்ளாடிக்கொண்டே மேடையை விட்டுப் போகிறார்.

கிறிஸ்ட் நோவோசெலிக் என்றால் பலருக்கும் இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். எனக்கு அவருடைய அரசியல்தான் பெரிதாகப் படுகிறது.

இசைக்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் குரோஷியாவிலிருந்து அமெரிக்கா வந்தவர்கள். 1987-இல் பாடகர் கர்ட் கோபேனோடு நிர்வானா பேண்டைத் தொடங்கினார். 1991-இல் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம், உலகப் புகழ். 1994-இல் கோபேன் இறந்தார், பேண்டும் முடிந்தது.

1995-இல் ஜாம்பாக் என்ற கலைஞர்கள் அமைப்பைத் தொடங்கினார். சியாட்டிலில் பதின்வயதினரின் நடன நிகழ்ச்சிகளுக்கு 10 லட்சம் டாலர் காப்பீடு கேட்டது ஒரு நகரச் சட்டம். சின்ன அரங்குக்காரர் எங்கே போவார்? இவர்கள் போராடினார்கள், 2002-இல் சட்டம் போனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வேட்பாளர் எந்தக் கட்சியின் பெயரையும் தன் பெயரோடு போட்டுக்கொள்ளலாம், கட்சியின் அனுமதியே தேவையில்லை. 2009-இல் நோவோசெலிக், சுமார் 4000 பேர் வசிக்கும் தன் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் பதவிக்கு மனு போட்டார். அங்கே அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. கட்சி? ‘கிரேஞ்ச் கட்சி’. அப்படி ஒரு கட்சியே கிடையாது! கிரேஞ்ச் என்பது விவசாயிகள் சங்கம், இவரும் அதில் உறுப்பினர். இந்தத் தேர்தல் முறையைக் கொண்டுவரப் பாடுபட்டதும் அதே சங்கம்தான்! இந்த முறையில் குறை எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டிவிட்டு, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். என்ன துணிச்சல் பாருங்கள்.

அதற்கு முந்தைய ஆண்டே, தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் ஃபேர்வோட் அமைப்பின் தலைவராகியிருந்தார். அவர்கள் கேட்பது, ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை. உங்கள் முதல் தேர்வு தோற்றால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். இலங்கை நண்பர்களுக்கு இது ஓரளவு பழக்கம்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால், அங்கே முதல்முறையாக விருப்ப வாக்குகளை எண்ணினார்கள்.

பிடித்த வேட்பாளர் ஜெயிக்கமாட்டார் என்று நினைத்து வேறொருவருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.