ஆமை முட்டையைவிட ஆட்களைக் காப்பது கஷ்டம்

[காட்சி: நள்ளிரவு, நீலாங்கரை கடற்கரை. மங்கலான சிவப்பு டார்ச் வெளிச்சம் மணலில் நகர்கிறது.]

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையில் நள்ளிரவுக்கு மேல் ஒரு கூட்டம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாக நடந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. வேலை முடித்து நேரே வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். தேடுவது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்ற கடல் ஆமையின் தடத்தை. யாருக்கும் சம்பளம் கிடையாது.

இந்த வீடியோவில் ஆமை பாதி, இந்தக் கூட்டம் பாதி. இப்படி ஒரு கூட்டத்தை வருஷா வருஷம் கலையாமல் வைத்திருப்பது தனி வேலை. அந்த வேலைக்குப் படிப்பு முடித்த இளைஞர்களை எடுத்து, மாத உதவித்தொகை கொடுத்துப் பழக்கினால் என்ன? இயற்கைப் பாதுகாப்பு ஃபெல்லோஷிப்புகளில் என்னைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் அந்த இரவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

[காட்சி: ஈர மணலில் ஆமைத் தடம், மேலிருந்து.]

தாய் ஆமை அலையிலிருந்து ஏறி வந்த தடம் ஒன்று, திரும்பிப் போன தடம் ஒன்று. டிராக்டர் டயர் ஓடிய மாதிரி இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அனுபவமுள்ள ஒருவர் மண்டியிட்டு, மெல்லிய குச்சியால் மணலை அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். சுற்றிலும் கெட்டியாக இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் குச்சி பொசுக்கென்று இறங்கும். அப்புறம் குச்சியை வைத்துவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஆழம், பானை போல அடி அகன்ற குழி, உள்ளே நூறு, நூற்றிருபது முட்டைகள்.

இங்கே அவசரமும் உண்டு, நிதானமும் வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் விடிவதற்குள் எடுத்தாக வேண்டும், எடுத்த வாக்கிலேயே வைத்தாக வேண்டும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே அளவில் இன்னொரு குழி தோண்டிப் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். மணலின் வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெயில் ஏறும் மாதங்களில் பொரிப்பகத்துக்குப் பந்தல் போடுவது இதற்காகத்தான்.

கடற்கரையிலேயே விட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆள் நடமாட்டம் இல்லாத கரையாக இருந்தால் விடுவதுதான் சரி. சென்னையில் நாய்கள் இருக்கின்றன, தெருவிளக்குகள் இருக்கின்றன. குஞ்சு வெளிச்சமான பக்கம் நோக்கி ஊர்ந்து போகும். ஒரு காலத்தில் வெளிச்சமான பக்கம் கடலாக இருந்தது. இப்போது சாலை.

[காட்சி: பழைய சென்னைக் கடற்கரைப் படங்கள்.]

இந்த நடை 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆரம்பித்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய அதே விட்டேக்கர்தான். அந்தக் கூட்டத்தில் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் என்ற இளைஞரும் ஒருவர். படிப்பைப் பாதியில் விட்டு, பாம்புப் பண்ணையின் களப்பணியாளராகி, இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியை ஆமை தேடி நடந்தே அளந்தார். 1982 மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலி தீவில் ஆள் துணையின்றித் தங்கிக் கணக்கெடுத்தார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் அனுப்பி வைத்தார். ஃபெல்லோஷிப் என்ற பெயரெல்லாம் அப்போது இல்லை. ஆனால் ஓர் இளைஞருக்குச் சின்னத் தொகை கொடுத்து, நம்பி, விட்டுவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்தியாவின் கடல் ஆமைகளைப் பற்றிய அடிப்படைத் தகவல்களில் பெரும்பங்கு அவர் நடந்து சேர்த்தது.

1988இல் மாணவர்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பாகி, சென்னை நடையைக் கையில் எடுத்தார்கள். இன்றுவரை நடக்கிறது. இதற்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. ஆர்வம் இருக்கிறது என்று நீங்களாகப் போய் முட்டையைத் தோண்டினால் அது குற்றம்.

[காட்சி: வாட்ஸ்அப் குழுவின் திரை. "இன்று யார் வர்றீங்க?"]

சரி, ஃபெல்லோவுக்கு இதில் என்ன வேலை?

தன்னார்வலர்கள் இலவசமாக வருவார்கள். ஆனால் அவர்களை வைத்து வேலை நடத்துவது இலவசமாக நடக்காது. யார் எந்த இரவு, வீட்டுக்கு எப்படித் திரும்புவார்கள், பெண்கள் தனியாக வந்தால் பாதுகாப்பு, காலில் கண்ணாடி குத்தினால் மருந்து, அனுமதிக் கடிதம், மாநகராட்சியிடம் பேசி விளக்கை அணைக்க வைப்பது, ஒவ்வொரு குழிக்கும் தேதி, இடம், முட்டை எண்ணிக்கை, பொரிந்த எண்ணிக்கை. இதையெல்லாம் பகலில் வேறு வேலை பார்க்கும் ஒருவர் தூக்கத்தைத் தொலைத்துச் செய்தால், இரண்டு சீசன் தாங்குவார்.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்களில் பலர் நின்றுவிடுவது களைப்பினால் என்று நினைப்போம். அப்படி இல்லை. செய்ய ஒன்றும் இல்லாததால்தான் நின்றுவிடுகிறார்கள். பல இரவுகளில் ஒரு தடமும் கிடைக்காது. மூன்று மணி வரை சும்மா நடந்தவர் அடுத்த வாரம் எதற்கு வருவார்? கெட்டிக்கார ஒருங்கிணைப்பாளர் அவர் கையில் நோட்டைக் கொடுப்பார். கரை ஒதுங்கிய செத்த ஆமையை அளக்கச் சொல்வார், எந்த விளக்கு கரையில் விழுகிறது என்று குறிக்கச் சொல்வார். வெறும் நடையாக இருந்தது வேலையாகிவிடும்.

மார்ச் மாலைகளில் நிலைமை தலைகீழ். குஞ்சு விடுவதைப் பார்க்க ஊரே திரண்டு வரும். மணலில் கயிறு கட்டி, ஃபிளாஷ் போடாதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை போகும். குஞ்சுகளை நேரே தண்ணீரில் போடுவதில்லை, கொஞ்ச தூரம் மணலில் ஊர விடுவார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஆர்வத்தில் ஓர் அடி முன்னால் வைத்தால் போச்சு. செல்ஃபி எடுக்க வந்த இந்தக் கூட்டத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வது சுலபம். அடுத்த ஜனவரியில் நடக்கப்போகிறவர்கள் இவர்களில் சிலர்தான். அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதும் ஃபெல்லோவின் வேலை.

[காட்சி: குப்பத்துக் கரை, நாட்டுப்படகுகள், வலை பிரிக்கும் கைகள்.]

கடற்கரை யாருடையது என்ற விஷயத்துக்கு வருவோம். நகரத்திலிருந்து வரும் தன்னார்வலர்கள் விருந்தாளிகள். கரையில் குடியிருப்பவர்கள் மீனவர்கள். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றைப் பிரித்தறிந்து தொழில் செய்கிறவர்களிடம் போய்ப் பாடம் நடத்த முடியாது. நீலாங்கரையில் 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகச் சேர்த்தது. என் பார்வையில் நீண்ட நாள் நிற்கக்கூடிய வழி அதுதான்.

காரணம், ஆமை சாவது பெரும்பாலும் கரையில் இல்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். முட்டையிடும் வயதுக்கு வர அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரு தாய் போனால், பொரிப்பகத்தில் எத்தனை குழி காப்பாற்றினாலும் ஈடு கட்டுவது கடினம். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறுவதால் முதலில் அடி வாங்குவது நாட்டுப்படகுக்காரர்கள்தான். ஆமைக்கும் அவர்களுக்கும் பிரச்சினை ஒன்றே. ஆனால் ஆமையைப் பற்றி மட்டும் பேச வந்தவரிடம் அவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

[காட்சி: விண்ணப்பப் படிவம் திரையில்.]

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. தமிழ்நாடு அரசு, அண்ணா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப் நடத்துகிறது. இரண்டு ஆண்டு, மாவட்டங்களில் வேலை. ஆமைக்கு மட்டுமானது இல்லை. காலநிலை, சுற்றுச்சூழல் எல்லாம் அடங்கும். வெளிநாட்டு அமைப்புகளில் லண்டன் விலங்கியல் கழகத்தின் எட்ஜ் ஃபெல்லோஷிப், அதிகம் கண்டுகொள்ளப்படாத அரிய உயிரினங்களுக்காகத் தங்கள் நாட்டிலேயே வேலை செய்யும் இளைஞர்களுக்கானது. தகுதியும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் தளத்திலேயே பாருங்கள்.

விண்ணப்பத்தில் "சிறு வயதிலிருந்தே இயற்கை பிடிக்கும்" என்று எல்லாரும் எழுதுவார்கள். பத்துப் பேரை ஒரு மாதம் ஒரு வேலைக்குத் தொடர்ந்து வர வைத்த அனுபவம் இருந்தால் அதை எழுதுங்கள், தெருவில் குப்பை பிரித்ததாக இருந்தாலும் சரி. நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: இரண்டு வருஷம் முடிந்து நான் போனதும் அந்த நோட்டும் அந்த வாட்ஸ்அப் குழுவும் யார் கையில் இருக்கும்? பதில் இல்லை என்றால், முதல் நாளிலிருந்தே அந்த ஆளைத் தேட வேண்டியவர் நீங்கள்தான். குப்பத்துக்குள்ளேயே தேடுங்கள்.

அடுத்த வீடியோ, இழுவை வலையில் பொருத்தும் ஆமை விலக்கிக் கருவி பற்றி. மீன் தங்கி ஆமை மட்டும் எப்படி வெளியேறும் என்று வலையைப் பிரித்தே காட்டுகிறோம்.