மாமியின் 4,950 ரூபா எண்ணெய்ப் போத்தல்

வணக்கம் உறவுகளே! வழமைபோல கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டே பேசலாம் என்றுதான் போனேன். காற்று மைக்குக்குள் அடித்தது, திரும்பி வந்து விறாந்தையில் இருக்கிறேன். நல்ல கோபத்திலும் இருக்கிறேன்.

இந்தப் போத்தலைப் பாருங்கள். பச்சை மூடி, 100 மில்லி. 4,500 ரூபா! வீட்டுக்குக் கொண்டுவந்து தர இன்னும் 450. மொத்தம் 4,950! எங்கள் மாமிக்கு மார்பகப் புற்றுநோய் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். கீமோ தொடங்கி ஒரு வாரம். "இதைப் பூசினால் ஒரு முடியும் கொட்டாது" என்று யாரோ போனில் சொல்லி விற்றிருக்கிறார்கள். மாமி ரவிக்கை தைத்துச் சேர்த்த காசு அது. 4,950!

தேங்காய் எண்ணெய் இல்லாமல் எனக்கும் நாள் போகாது. ஆனால் கீமோ மருந்து இரத்தத்தோடு போய், வேகமாகப் பெருகும் கலங்களை அடிக்கிறது. மயிர்க்காலில் இருப்பதும் அந்த மாதிரிக் கலங்கள்தான். மேலே பூசுகிற எண்ணெய் அதை எப்படி மறிக்கும்?

உண்மையில் உதவுவது தலையைக் குளிரவைக்கும் தொப்பி. மருந்து ஏற்ற அரை மணித்தியாலத்துக்கு முன்பே போட்டு, ஏற்றி முடிந்த பிறகும் நெடுநேரம் வைத்திருப்பார்கள். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறையும். 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொப்பி போட்ட பெண்களில் பாதிப் பேருக்கு முடி பெருமளவு தங்கியது. போடாதவர்களில் ஒருவருக்கும் தங்கவில்லை. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துக்கு நன்றாகக் கேட்கும், டொக்சோரூபிசின் என்ற மருந்துக்கு அவ்வளவு இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இது சரிவராது. வீட்டில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்துவிடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.

ஆ, மறந்துவிட்டேன்! போத்தலோடு பயோட்டின் என்ற விட்டமின் குளிசையும் வந்தது. அது சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். டொக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்கும் என்பதால், காத்தான்குடியில் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, தலையை மூடச் சாதாரணத் தொப்பி ஒன்று தைத்தேன். மாமி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "தையல் உள்ளுக்கு இருந்தா தலை கடிக்கும், மகள்" என்றார். பிரித்து, தையலை வெளியே வைத்துத் திரும்பவும் தைத்தேன். இதோ, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்தது நீலத்தில் வேண்டுமாம். சனிக்கிழமை மறுகா காத்தான்குடிக்குப் போகிறேன்.